குறைஞ்ச எடை திரும்ப வந்துடுச்சு, குழந்தை இன்னும் வரல: எவ்வளவு நாள் காத்திருக்கணும்?

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.

இன்னைக்கு ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க. பீரியட்ஸ், விந்து டெஸ்ட், வாந்தி எல்லாம் பேசப் போறோம். ஹால்ல குடும்பமே உக்காந்திருக்கும்போது ஸ்பீக்கர்ல போட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க.

போன மாசம் பூந்தமல்லியில ஒரு வளைகாப்பு. சித்தி பொண்ணுக்கு. சந்தனம் பூச வரிசையில நிக்கிறேன், பின்னாடி இருந்து ஒரு அத்தை, "ஆபரேஷன் எல்லாம் பண்ணிக்கிட்டியே, மறுபடியும் உடம்பு போட்டுட்டியேம்மா"ன்னாங்க. சிரிச்சு சமாளிச்சேன். பந்தியில உக்காந்து புளிசாதத்துல கை வைக்கிறேன், பக்கத்து இலைக்காரம்மா, "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?"ன்னாங்க. பத்தே நிமிஷத்துல ரெண்டு கேள்வி. கிளம்பும்போது "அடுத்தது உனக்குத்தான்"னு சொல்லி என் கைக்கும் வளையல் போட்டு விட்டாங்க. பஸ்ல வரும்போது அந்த வளையல் சத்தம் கேக்காம இருக்க கையை மடியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்.

அந்த ரெண்டு கேள்விக்கும் இன்னைக்கு பதில் சொல்லலாம்னு இருக்கேன். அத்தைக்கு இல்ல. இதே நிலைமையில இருக்கிற உங்களுக்கு.

என் கணக்கு

முதல்ல என் நம்பர்களைச் சொல்லிடறேன். என் உயரம் 160 சென்டிமீட்டர். 2019 நவம்பர்ல, 28 வயசுல, எடை 112 கிலோ. பிஎம்ஐ, அதாவது எடையை உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்ற எண், 43-க்கு மேல. கூடவே பிசிஓஎஸ். பீரியட்ஸ் மூணு மாசம், நாலு மாசத்துக்கு ஒருமுறை வரும். அப்போ ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். இரைப்பையில முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி எடுத்துட்டு, ஒரு வாழைப்பழம் மாதிரி குழாயா விடுவாங்க. அதுதான் ஸ்லீவ்.

15 மாசத்துல 74 கிலோவுக்கு வந்தேன். பீரியட்ஸ் மாசா மாசம் வர ஆரம்பிச்சுது. "ஒன்றரை வருஷம் வரைக்கும் கர்ப்பம் வேண்டாம்"னு சொல்லியிருந்தாங்க, அதனால 2021 நடுவுல இருந்துதான் முயற்சி பண்ண ஆரம்பிச்சோம். வரல. அதுக்குள்ள அம்பத்தூர் ஆபீஸ்ல நைட் ஷிஃப்ட் திரும்ப ஆரம்பிச்சுது. 78, 82, 87. போன வருஷக் கடைசியில 91. பீரியட்ஸ் மறுபடி தள்ளிப்போக ஆரம்பிச்சுது.

நடுவுல, 2023-ல, ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். பேரு வேண்டாம். ஏழு நிமிஷம் பேசியிருப்பாங்க. "முதல்ல வெயிட்டைக் குறைச்சுட்டு வாங்க." அவ்வளவுதான். எத்தனை கிலோ? எந்த மாசத்துக்குள்ள? அவங்களும் சொல்லல, நானும் கேக்கல. கேக்க வெக்கமா இருந்துச்சு. ஆபரேஷன் பண்ணியும் ஏத்திக்கிட்டவ நான்தானேன்னு தோணுச்சு. அப்படியே ரெண்டு வருஷம் போயிடுச்சு.

இந்த எபிசோட்ல நீங்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துட்டுப் போகணும்னா, அது இந்த ரெண்டு வருஷம்தான். எடையைக் குறைங்கன்னு யார் சொன்னாலும், எத்தனை கிலோன்னு கேளுங்க. எந்தத் தேதி வரைக்கும்னும் கேளுங்க. தேதி இல்லாத எடை இலக்கு ஒரு சிகிச்சைத் திட்டமே கிடையாது.

எடை ஏன் திரும்ப வருது?

முதல்ல ஒரு ஆறுதல். இது நீங்க மட்டும் பண்ண தப்பு இல்ல.

ஸ்வீடன்ல, ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வு இருக்கு, எஸ்ஓஎஸ்னு சொல்வாங்க. அதுல பைபாஸ் பண்ணவங்க முதல் ரெண்டு வருஷத்துல ஆரம்ப எடையில 32% வரைக்கும் குறைஞ்சாங்க. பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தா 25%-ல நின்னாங்க. அதாவது கொஞ்சம் திரும்ப வர்றதுங்கிறது அந்தப் படத்துலயே இருக்கு. ஸ்லீவ் அப்போ அந்த ஆய்வுல இல்ல, ஆனா ஸ்லீவ்லயும் இதே வளைவுதான்: வேகமா இறங்கும், ஒரு அடிமட்டம் வரும், அப்புறம் மெதுவா ஏறும். நான் 112-ல இருந்து 91-ல நிக்கிறேன்னா, இன்னமும் 21 கிலோ கம்மிதான். கண்ணாடி அதைச் சொல்லாது, கணக்கு சொல்லும்.

காரணம் என்ன? இரைப்பையோட மேல்பகுதியிலதான் கிரெலின்னு ஒரு பசி ஹார்மோன் அதிகமா சுரக்குது. ஸ்லீவ்ல அந்தப் பகுதி போயிடறதால முதல்ல பசியே இருக்காது. நாள் போகப் போக உடம்பு பழகிக்குது, பசி கொஞ்சம் கொஞ்சமா திரும்புது. இன்னொரு பக்கம், எடை குறைஞ்ச உடம்பு செலவைச் சுருக்கிக்குது. சம்பளம் குறைஞ்ச வீடு மாதிரி, உக்காந்திருக்கும்போது எரிக்கிற கலோரியைக்கூட மிச்சம் பிடிக்கும். இரைப்பைக் குழாய் காலப்போக்குல கொஞ்சம் விரியவும் செய்யலாம்.

அப்புறம் நம்ம பழக்கம். இதை நான் மூணு வருஷம் கவனிக்கவே இல்ல. சின்ன இரைப்பையில கோழிக்கறி ரெண்டு துண்டு போனாலே நிறைஞ்சுடும். ஆனா முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் வாயிலயே கரைஞ்சு வழுக்கிட்டு இறங்கிடும். எவ்வளவு போனாலும் வயிறு "போதும்"னு சொல்லாது. நைட் ஷிஃப்ட்ல நான் சாப்பாடே சாப்பிடலன்னு நினைச்சுட்டிருந்தேன். உண்மையில நாலு காபி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் சுமார் 20 கலோரி. பால் கணக்கே எடுக்காம சர்க்கரை மட்டும் 160 கலோரி. கூட எஸ்டேட் டீக்கடை பஜ்ஜி.

பழக்கத்தை மட்டும் குத்தம் சொல்லி முடிச்சுடவும் கூடாது. தைராய்டு, தூக்கத்துல மூச்சுத் திணறல், மன அழுத்தம், ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், இன்சுலின் எல்லாமே எடையை ஏத்தும். அதனால எடை ஏறுதுன்னா முதல் வேலை டயட் சார்ட் தேடறது இல்ல. ஆபரேஷன் பண்ண டீம்கிட்ட திரும்பப் போறது. நம்மள்ல நிறைய பேர் எடை ஏறினதும் வெக்கப்பட்டு அந்த ஃபாலோ-அப்பை விட்டுடறோம். பள்ளிக்கூடத்துல மார்க் குறைஞ்சா பிராக்ரஸ் ரிப்போர்ட்டை ஒளிச்சு வைக்கிற மாதிரி. நானும் மூணு வருஷம் போகல.

போனா என்ன பார்ப்பாங்க? தைராய்டு, மூணு மாச சராசரி சர்க்கரை, இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், வைட்டமின் டி. தேவைன்னா எண்டோஸ்கோப்பி. எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கர்ப்பப் பரிசோதனை. பீரியட்ஸ் தள்ளிப்போறது எடையாலதான்னு நாமளே முடிவு பண்ணிடக் கூடாது.

எவ்வளவு குறைஞ்சா போதும்?

என் மனசுல இருந்த இலக்கு 74. என் வாழ்க்கையிலேயே கம்மியான எடை அது. அதுக்குத் திரும்பப் போனாத்தான் குழந்தைன்னு நானே ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன்.

அது தேவையே இல்ல. பிசிஓஎஸ் இருக்கிறவங்களுக்கு, இப்போ இருக்கிற எடையில 5 முதல் 10% குறைஞ்சாலே கருமுட்டை வெளிவர்றதும் பீரியட்ஸும் சீராக வாய்ப்பு அதிகமாகுது. 91 கிலோன்னா நாலரையில இருந்து ஒன்பது கிலோ. நான் தேடிட்டிருந்தது 17 கிலோ. இந்த வித்தியாசம் தெரியாமத்தான் ஒவ்வொரு முறையும் மூணு கிலோ குறைச்சுட்டு "இது எந்த மூலைக்கு"ன்னு விட்டுட்டேன். அந்த மூணு கிலோ பாதி தூரம்.

எடைக்கும் கருமுட்டைக்கும் தொடர்பு நிஜம்தான். லண்டன்ல பிசிஓஎஸ்ஸும் உடல் பருமனும் இருந்த 80 பெண்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, பாம்பினின்னு பேரு, 2024-ல வெளிவந்துச்சு. ஒரு பாதிக்கு ஆபரேஷன், இன்னொரு பாதிக்கு வழக்கமான மருத்துவம். ஒரு வருஷத்துல ஆபரேஷன் பண்ணவங்களுக்குத் தானாவே கருமுட்டை வெளிவந்தது இரண்டரை மடங்கு அதிகம். ஆனா கருமுட்டை வெளிவர்றது வேற, குழந்தை பிறக்கிறது வேற. நடுவுல கருக்குழாய், விந்தணு, வயசு எல்லாம் இருக்கு.

காத்திருக்கிறதுக்கும் விலை இருக்கு

நெதர்லாந்துல 577 பெண்கள். எல்லாருக்கும் பிஎம்ஐ 29 அல்லது அதுக்கு மேல, எல்லாருக்கும் குழந்தையின்மை. பாதிப் பேருக்கு ஆறு மாசம் உணவு, உடற்பயிற்சி, அப்புறம்தான் சிகிச்சை. மீதிப் பேருக்கு உடனே சிகிச்சை. ரெண்டு வருஷம் கழிச்சுக் கணக்கு எடுத்தாங்க: ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை, மாசம் நிறைஞ்சு, சுகப்பிரசவம். எடையைக் குறைச்சுட்டு வந்தவங்கள்ல 27.1%. உடனே தொடங்கினவங்கள்ல 35.2%. 2016-ல வெளிவந்த ஆய்வு இது.

இதைக் கேட்டுட்டு "அப்போ எடை குறைக்கவே வேண்டாம்"னு கிளம்பிடாதீங்க. அதே ஆய்வுல, எடை குறைச்ச குழுவுல சிகிச்சையே இல்லாம இயற்கையா கருத்தரிச்சவங்க அதிகம். எடை குறைஞ்சா கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மயக்க மருந்து ஆபத்து எல்லாம் குறையும். அந்தப் பெண்கள் நம்மளை மாதிரி பேரியாட்ரிக் ஆபரேஷன் பண்ணவங்களும் இல்ல. எனக்குப் புரிஞ்சது இதுதான்: எடை குறைப்பு, சிகிச்சை வாசல்ல மாட்டின பூட்டு இல்ல. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நடக்கலாம்.

வயசு இதுல ரொம்ப முக்கியம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரையறை, 12 மாசம் முயற்சி பண்ணியும் கர்ப்பம் ஆகலன்னா அது குழந்தையின்மை. 35 வயசு தாண்டினவங்க ஆறு மாசத்துலயே டாக்டரைப் பார்க்கச் சொல்றாங்க. 26 வயசுல ஒரு வருஷம் காத்திருக்கிறதும் 36 வயசுல ஒரு வருஷம் காத்திருக்கிறதும் ஒண்ணு இல்ல. எடை ஏறும், இறங்கும். கருமுட்டையோட வயசு இறங்காது.

நம்ம ஊர்ல ஒரு பழமொழி சொல்வாங்க, அரச மரத்தைச் சுத்திட்டு அடிவயித்தைத் தொட்டுப் பார்த்தாளாம்னு. அவசரக்காரங்களைக் கிண்டல் பண்றது. நான் அதுக்கு நேர் எதிர். நாலு வருஷம் மரத்தை மட்டுமே சுத்திட்டிருந்தேன். ஒரு டெஸ்ட்கூட எடுக்கல.

மூணு வழி, மூணுக்கும் வேற வேற காலம்

சரி, திரும்ப வந்த எடையைக் குறைக்க என்ன வழி? மூணு இருக்கு. ஒவ்வொண்ணும் எவ்வளவு குறைக்கும்னு மட்டும் பார்க்காம, குழந்தைத் திட்டத்துல எத்தனை மாசம் எடுத்துக்கும்னும் சேர்த்துப் பாருங்க.

ஒண்ணு, மறு ஆபரேஷன். ஸ்லீவை பைபாஸா மாத்துவாங்க. குழாயில பிரச்சனை இருந்தாலோ, நெஞ்செரிச்சல் கடுமையா இருந்தாலோ இது சரியான வழியா இருக்கலாம். ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் மறுபடியும் குறைஞ்சது 12 முதல் 18 மாசம் கர்ப்பம் தள்ளிப் போடணும். உடம்பு வேகமா கரையும்போது குழந்தைக்குப் போக வேண்டிய சத்தும் பத்தாது. 33 வயசுல எனக்கு அது பெரிய விலை.

ரெண்டு, ஊசி. 2025 மார்ச்ல டிர்செபடைட், மவுஞ்சாரோங்கிற பேர்ல இந்தியாவுக்கு வந்துச்சு. ஜூன்ல செமாக்ளுடைட், வீகோவிங்கிற பேர்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் எடை சரியா குறையாதவங்களுக்கு இதே குடும்பத்து மருந்தான லிராக்ளுடைட் கொடுத்து லண்டன்ல பார்த்திருக்காங்க. 24 வாரத்துல சராசரியா 8.8% குறைஞ்சுது, மருந்தில்லாத ஊசி போட்டவங்களுக்கு அரை சதவீதம்தான். அதாவது வேலை செய்யுது.

ஆனா கர்ப்பத்துல இந்த ஊசிகள் கூடாது. செமாக்ளுடைட்னா முயற்சி பண்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே நிறுத்தணும். டிர்செபடைட்னா குறைஞ்சது ஒரு மாசம். செமாக்ளுடைட்ல முழு டோஸுக்கு வரவே சுமார் நாலு மாசம் ஆகும். நாலும் ரெண்டும் ஆறு. ஆறு மாசத் திட்டத்துல முழு டோஸ்ல இருக்க ஒரு நாள்கூட மிச்சம் இல்ல. நிறுத்தின பிறகு எடை திரும்ப ஏறுறதும் உண்டு. செமாக்ளுடைட்டை நிறுத்தி ஒரு வருஷத்துல, குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப வந்ததா ஒரு ஆய்வு காட்டுது. 27 வயசு, எடை ரொம்ப அதிகம், கையில ரெண்டு வருஷம் இருக்குன்னா கணக்கே வேற. அதை உங்க டாக்டரோட போடுங்க.

இன்னொரு எச்சரிக்கை. எடை குறையும்போது, பல வருஷம் வராத கருமுட்டை திடீர்னு வரும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையோட பலனைக் குறைக்கும். பைபாஸ் பண்ணவங்களுக்கும் மாத்திரை சரியா உறிஞ்சப்படாது. அதனால காத்திருக்க வேண்டிய மாசங்கள்ல மாத்திரையை மட்டும் நம்பாதீங்க. "எனக்குத்தான் குழந்தையே நிக்காதே"ன்னு இருந்தவங்களுக்கு ஊசி போட்டுட்டிருக்கும்போதே நின்னிருக்கு.

மூணு, சாப்பாடு, தூக்கம், நடை. மெதுவானது. ஆனா கர்ப்பத்துக்காக நிறுத்த வேண்டியதில்ல, காத்திருக்கவும் வேண்டியதில்ல. நான் இதை எடுத்துக்கிட்டேன்.

என் தட்டுல என்ன மாறுச்சு

பெருசா எதுவும் இல்ல. முதல் வாய் புரதம். சாதத்துக்கு முன்னாடி முட்டை, மீன், கோழி, பனீர், இல்லன்னா சுண்டல். ஒரு நாளைக்குக் குறைஞ்சது 60 கிராம் புரதம் வேணும்னு சொல்றாங்க. ஒரு முட்டையில சுமார் 6 கிராம். ஒரு இட்லியில 2 கிராம்தான். மூணு இட்லி சாப்பிட்டுட்டு ஆபீஸ் போனா வயிறு நிறையும், புரதக் கணக்கு நிறையாது. இப்போ ரெண்டு முட்டை, ஒரு இட்லி.

சாப்பிடும்போது தண்ணி குடிக்கிறதில்ல, அரை மணி நேரம் இடைவெளி. சாப்பாட்டோட தண்ணி சேர்ந்தா சீக்கிரம் கழுவிட்டுப் போயிடும், சீக்கிரம் பசிக்கும். காபி நாலுல இருந்து ரெண்டு, சர்க்கரை இல்லாம. முதல் வாரம் அழுகையே வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

நடைக்கு பருத்திப்பட்டு ஏரி. ஆவடி பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், ஏரிக்கரையில பூங்காவும் நடைபாதையும் இருக்கு. காலையில போனா கொக்கு நிக்கும். வேலைக்குப் போற நாள்ல ஆவடியில லோக்கல் ட்ரெயின் ஏறி பட்டரவாக்கத்துல இறங்கி, அங்க இருந்து ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோ இல்லாம நடை. மேனேஜர்கிட்ட பேசி நைட் ஷிஃப்டையும் மாத்தி வாங்கிட்டேன். எல்லாராலயும் முடியாது, தெரியும். எனக்கு எடை இறங்க ஆரம்பிச்சது தூக்கம் சரியானதுக்கு அப்புறம்தான்.

அப்புறம், அவருக்கும் டெஸ்ட்

நாலு வருஷமா எல்லாரும் என் எடையைத்தான் பார்த்தாங்க. நானும்தான். இந்த ஏப்ரல்ல பார்த்த புது டாக்டர் முதல்ல கேட்டது, "சாரோட செமன் ரிப்போர்ட் எங்க?" நாங்க ரெண்டு பேரும் முழிச்சோம். எடுத்ததே இல்ல.

குழந்தையின்மையில கிட்டத்தட்ட பாதி ஜோடிகள்ல ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும். டெஸ்ட் ஐவிஎஃப் அளவுக்குப் பெரிய விஷயமே இல்ல. ரெண்டுல இருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தாப் போதும். எங்க வீட்டுக்காரருக்கு எண்ணிக்கை சரி, நீந்துற வேகம் குறைவு. அவர் வேலை எஸ்டேட்ல ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவுல, நாள் முழுக்க உலைக்குப் பக்கத்துல. விந்தணு உருவாக, உடம்பு சூட்டைவிட ரெண்டு மூணு டிகிரி குறைவா இருக்கணும். அதனாலதான் இப்படின்னு உறுதியா சொல்ல முடியாது, ஆனா சூடு ஒரு காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. சிகரெட், குடி, உடல் பருமன், ஜிம்ல போடற டெஸ்டோஸ்டீரான் ஊசி, எல்லாமே பாதிக்கும். புது விந்தணு உருவாக கிட்டத்தட்ட ரெண்டரை மாசம் ஆகும். அதனால இன்னைக்கு மாத்துறது மூணு மாசம் கழிச்சுத்தான் ரிப்போர்ட்ல தெரியும்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "இத்தனை நாள் நீ மட்டும் பட்டினி கிடந்தியே"ன்னார். எனக்கு அந்த வளைகாப்புல வராத அழுகை, இப்போ இதைச் சொல்லும்போது வருது. ஒரு நிமிஷம்.

சரி. என் திட்டம் இப்படி. 91-ல இருந்து 84. ஏப்ரல்ல இருந்து அக்டோபர். அக்டோபர் வந்தா, எடை என்னவா இருந்தாலும் சிகிச்சை தொடங்கும். இதை டாக்டர் ஃபைல்ல எழுதச் சொன்னேன், எழுதினாங்க. கருக்குழாய் அடைப்பு டெஸ்ட், ஏஎம்ஹெச் எல்லாம் காத்திருக்காம இப்பவே எடுத்தாச்சு. ஏஎம்ஹெச் கருமுட்டை எண்ணிக்கையைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது.

முதல்ல தர்ற மாத்திரை லெட்ரோசோல். கூகுள் பண்ணா மார்பகப் புற்றுநோய் மருந்துன்னு வரும், பயந்துடாதீங்க. 2011-ல இந்திய அரசு இதைக் குழந்தையின்மைக்குக் கொடுக்கக் கூடாதுன்னு தடை பண்ணுச்சு, 2017-ல தடையை நீக்கிடுச்சு. பிசிஓஎஸ்ல கருமுட்டை வெளிவர வைக்க, சர்வதேச வழிகாட்டுதல்கள் இன்னைக்கு முதல்ல பரிந்துரைக்கிறது இதைத்தான். ஐவிஎஃப் வரைக்கும் போறீங்கன்னா, 2021 சட்டப்படி மையம் பதிவு பெற்றதான்னு கேளுங்க. தனியார் செலவு முடியலன்னா, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில கருத்தரிப்பு மையம் தொடங்கியிருக்காங்க, விசாரிங்க.

கர்ப்பம் ஆனா மறக்காம சொல்ல வேண்டியது

"எனக்கு பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆகியிருக்கு." முதல் விசிட்லயே மகப்பேறு டாக்டர்கிட்ட சொல்லணும். உறவுக்காரங்ககிட்ட மறைங்க, டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

ஏன்னா, சர்க்கரைத் தண்ணி குடிக்க வெச்சு எடுக்கிற டெஸ்ட் பைபாஸ் பண்ணவங்களுக்குத் தலைசுத்தல், படபடப்பு, பேதின்னு படுத்திடும். வேற முறையில பார்ப்பாங்க. ஃபோலிக் ஆசிட் கருத்தரிக்கிறதுக்கு முன்னாடியே தொடங்கணும், பிஎம்ஐ 30-க்கு மேல இருந்தா டோஸும் மாறலாம். வைட்டமின் ஏ மாத்திரையில ரெட்டினால் வகை அதிகமானா குழந்தைக்கு ஆபத்து, பீட்டா கரோட்டின் வகைதான் வேணும். ஆபரேஷன் பண்ண அம்மாக்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை குறைவு, ஆனா குழந்தை எடை குறைவா பிறக்கிறது அதிகம்னு ஸ்வீடன் பதிவேடுகளை வெச்சு 2015-ல வந்த ஆய்வு சொல்லுது. அதனால ஸ்கேன் கொஞ்சம் கூடுதலா இருக்கும்.

ரெண்டு விஷயத்துக்கு வீட்டுல உக்காந்திருக்கவே கூடாது. நாள்கணக்கா நிக்காத வாந்தி, ஏன்னா பி1 வைட்டமின் தீர்ந்து நரம்பு பாதிக்கும். இன்னொண்ணு, கடுமையான வயித்து வலி. பைபாஸ் பண்ணவங்களுக்குக் குடல் உள்ளுக்குள்ள சிக்கிக்கிற வாய்ப்பு இருக்கு. நேரா எமர்ஜென்சி.

கடைசியா

தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல 40.4% பேருக்கு பிஎம்ஐ 25 அல்லது அதுக்கு மேலன்னு 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது. அதாவது அந்த வளைகாப்பு மண்டபத்துல பத்துல நாலு பேர். நான் ஒருத்திதான்னு நினைச்சுட்டிருந்தேன்.

இன்னைக்குக் காலையில என் எடை 86.4. 84 வருமா, தெரியல. அக்டோபர் கண்டிப்பா வரும். என்ன ஆச்சுன்னு அப்புறம் ஒரு எபிசோட்ல சொல்றேன். நல்ல சேதியா இருந்தாலும் இல்லன்னாலும் சொல்றேன்.

இது என் அனுபவமும் நான் படிச்சதும்தான், மருத்துவ ஆலோசனை இல்ல. மருந்தை நிறுத்தறதுக்கும் தொடங்கறதுக்கும் உங்க டாக்டரைக் கேளுங்க. சர்ஜனும் கருத்தரிப்பு டாக்டரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க வைங்க. முடியலன்னா ரெண்டு பேரோட சீட்டையும் ரெண்டு பேருக்கும் காட்டுங்க. ராத்திரியில மனசு தாங்கலன்னா 14416, டெலி மானஸ், இலவசம், தமிழ்ல பேசுவாங்க.

அப்புறம், அடுத்த விசேஷத்துக்குப் போகும்போது யாராவது "ஏதாவது விசேஷம் உண்டா"ன்னு கேட்டா, நான் ஒரு பதில் ரெடி பண்ணி வெச்சிருக்கேன். "அக்டோபர்ல அப்பாயின்ட்மென்ட் இருக்குங்க அத்தை." நீங்க என்ன சொல்லுவீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம். பை.